எண் வருவதற்கு முன்னால்

நானா,

இன்று மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் சார்ஜர் சூடேறி, வெந்த பிளாஸ்டிக் வாசம் கிளம்பியது. உங்கள் கடைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுமே, அதே வாசம். நாளைக் காலை ஜெனி வேலைக்கான அந்த ஒன்லைன் பரீட்சையை இரண்டாம் முறையாக எழுதுகிறாள். இரண்டு முறைக்கு மேல் கொழும்புக் கம்பெனிக்காரர்கள் விடமாட்டார்கள். கிடைத்தால் வட்டகொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது ஊரில் அறை தேட வேண்டும். நான் காலையிலிருந்து லெப்டொப்பின் வேகத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கிறேன். "அப்பா, அதுக்கே மூச்சு வாங்குது, விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை. போன் எடுத்துப் பேச, அண்ணனுக்கு அண்ணனாக இருந்த நீங்களும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓ.எல். பரீட்சையில் கணக்கைக் கோட்டை விட்ட என்னை உங்கள் ஹட்டன் கடையில் கணினிகளுக்குப் புள்ளி போடும் வேலையில் வைத்த துணிச்சல் உங்களுக்குத்தான் வரும். பழைய லெப்டொப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இது வேகமா ஓடுமா?" எல்லாக் கடைக்காரர்களும் 'ஓடும்' என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அது உங்களுக்குக் கூச்சமாக இருந்தது. எல்லா மெஷினிலும் ஒரே சோதனையை ஓட்டி, வந்த புள்ளியை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கும்படி ஓர் அட்டவணையில் போட ஆரம்பித்தீர்கள். கந்தப்பளையிலும் தலவாக்கலையிலும் இருந்த கடைக்காரர்களும் தங்கள் மெஷின்களின் புள்ளியை அதில் ஏற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் நமக்குள் சண்டை வந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் என்னென்ன எழுதுவது?

நான் எல்லாவற்றையும் கேட்டேன். சோதனை ஓட்டும் மென்பொருள் தானாகவே என்னென்னவோ அள்ளிக்கொண்டு வந்தது. ப்ரொசசர், நினைவகம், வன்தட்டு, கணினியின் பெயர், பாவிக்கிறவரின் பெயர், தொடர் இலக்கம் எல்லாம் வந்தன. "சும்மா வர்றதுதானே நானா, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் காட்டினீர்கள். கணினியின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயரும் அவளுடைய தோட்டத்தின் பெயரும் இருந்தன. அந்த மெஷினை நமக்கு விற்ற வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் அது.

"இந்தப் பேர மாத்தினா நம்பர் மாறுமா மச்சான்?"

"மாறாது."

"அப்ப இது இங்க என்னத்துக்கு ஈக்குது? எடு. எத மாத்தினா நம்பர் மாறுமோ அத மட்டும் எழுது. வேற ஒருத்தன் அதே மாதிரி வச்சு ஓட்டினா அதே நம்பர் வரணும். அம்புட்டுதான்."

லெப்டொப்பின் நிறத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று நான் அன்று வாதாடியதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நன்றியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையில் முதலிடத்தில் இருந்த மெஷினைத்தான் ஜெனிக்கு எடுத்துக் கொடுத்தேன். நாம் சோதித்தது, நாமே முத்திரை குத்தியது. பெட்டரி செத்தது என்றாலும் சார்ஜரில் ஓடுமே என்று நினைத்தேன். போன பரீட்சை நாளில் அவள் பயிற்சிக் கேள்வியைத் திறந்தபோது, தட்டிய எழுத்து திரைக்கு வர யோசித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இதுவா ஒங்க நம்பர் வன்?"

உங்களுக்குப் போன் போட்டேன். "வேற ஒண்ணு கொண்டாறேன், அதுவரைக்கும் கரண்டப் பாரு" என்றீர்கள். அரிசி வேகிற நேரம், லயம் முழுவதும் ரைஸ்குக்கர் ஓடுகிறது, அதுதான் கரண்டு இறங்கியிருக்கிறது என்று எனக்கு ஞானம் பிறந்தது. மழையில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். மேட்டு வீட்டு அக்கா குக்கரை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஒங்க மக பரீச்ச எழுத எங்க வீட்டுல பட்டினியாங்க?" அவர் பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். எழுத்து இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தது. பரீட்சை தொடங்கிவிட்டது. ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது பக்கவாட்டில் தெரிந்தது. முதல் பகுதியில் பாதிக் கேள்விதான் போயிருந்தது.

த்ரீவீல் வந்து நின்றது. நீங்கள் அதே வகையில் இன்னொரு லெப்டொப்பைச் சட்டைக்குள் வைத்து, குடை இல்லாமல் ஏறி வந்தீர்கள். ஜெனி அதில் பரீட்சைக்குள் நுழைந்தாள். பரீட்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, போன நேரத்தைத் திருப்பித் தரவில்லை. மெஷின் பறந்தது. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு சும்மா இருந்திருக்கலாம். பெட்டரி போதாமல் போய்விடுமோ என்று பழைய சார்ஜரை எடுத்து இதில் செருகினேன்.

மெஷினின் வேகம் படுத்துவிட்டது.

"அப்பா!"

உங்கள் கை என் கைக்கு முன்னால் போய் ஒயரைப் பிடுங்கியது. மறுபடி பறந்தது. நாம் இருவரும் என் கையில் தொங்கிய சார்ஜரைப் பார்த்தோம். அது அசல் இல்லை. கடையில் ஆணியில் தொங்குமே, மெஷினைச் செய்த கம்பெனியே கொடுத்த அசல் சார்ஜர், அந்த வகை மெஷின்கள் எல்லாவற்றையும் நாம் அதில்தான் சோதித்தோம். விற்கும்போது மலிவு சார்ஜர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தோம். வேற்றுச் சார்ஜர் என்று தெரிந்தால் அந்த வகை மெஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். அது நம் இருவருக்கும் தெரியாது. நம் அட்டவணைக்கும் தெரியாது.

அசல் சார்ஜர் ஹட்டனில். பிள்ளை இங்கே. பெட்டரியில் இருப்பதை வைத்துத்தான் மீதிப் பரீட்சையை எழுத வேண்டும். திரையின் மூலையில் பெட்டரியின் சதவீதம் இறங்கிக்கொண்டே போனது. "வெளிச்சத்தக் கொற மகள்" என்றீர்கள். குறைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ வெளிய போ மச்சான்" என்றீர்கள். போகவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டே நின்றேன். அவள் அனுப்பி முடித்த பிறகும் அந்த லெப்டொப் நெடுநேரம் சாகாமல் கிடந்து என்னைக் கேலி செய்தது.

உங்களுக்குச் சந்தோஷம் இல்லை. பிளேன்டீயை வாங்கி வைத்துவிட்டு, "நம்ம டேபிள் பூரா அந்த ஒரு சார்ஜரோட நம்பர்" என்றீர்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிருவோம் நானா. புதுசா ஆரம்பிப்போம்."

"அழிச்சா, நமக்குத் தெரியாம இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிரும். சார்ஜர்னு ஒரு கட்டம் போடு. கடையில ஓட்டினதெல்லாம் எதுலன்னு நமக்குத் தெரியும், எழுது. மத்த கடைக்காரங்க போட்டதுக்கு 'தெரியாது'ன்னு எழுது. தெரியாதுங்கறதும் ஒரு விவரந்தான்."

வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, சார்ஜரை மாற்றித் தருவதாக நீங்களே சொன்னீர்கள். மெஷின்களைத் திரும்ப ஓட்டினோம். எனக்குப் புதிய வியாதி ஒன்று வந்தது. புள்ளி குறைந்தால், குளிர், கரண்டு, பின்னால் ஓடிய வேறு வேலை என்று தேடித்தேடி எழுதினேன். கூடினால் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் விசைப்பலகையை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள்.

"நம்பரப் பாத்துட்டு எழுதினா அது சாக்கு. பாக்க முந்தி எழுதினாத்தான் விவரம். மொதல்ல எல்லாக் கட்டத்தையும் நெரப்பு. அப்புறம் ஓட்டு."

அன்றைக்கே கேட்டீர்கள், ஜெனியின் முடிவு வந்ததா என்று. வரவில்லை என்றேன். "அப்ப இப்பவே எழுதிவை, அந்தப் புள்ள எப்படி எழுதினான்னு." எழுதினேன். முதல் பகுதி வேற்றுச் சார்ஜரில். மீதி பெட்டரியில். மழை. நீங்கள் எட்டிப் பார்த்து, "அப்பன் பின்னால நின்னான். அதையும் போடு, அதுவும் நம்பர மாத்தும்" என்றீர்கள்.

முடிவு வந்தது. வேகம் போதாது என்று ஒரே வரி. எந்த மெஷினில், எந்த நிலையில் என்று அவர்களிடம் கட்டமே இல்லை. ஜெனி அழுது முடித்துவிட்டு நான் எழுதிவைத்ததைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "இது சாக்கு இல்லதானே அப்பா?" என்றாள். "இல்ல மகள், முந்தியே எழுதினது" என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் இரண்டாம் முறைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்த அந்த வாரத்தில்தான் நீங்கள் போனீர்கள். கடையைத் திறக்க வந்தவர், ஷட்டரைப் பாதி தூக்கியபடியே உட்கார்ந்துவிட்டீர்களாம். அடக்கத்தன்று பள்ளிவாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்லி அழுவது என்று தெரியாமல், தலைவலி என்று யாரிடமோ சொன்னேன்.

இப்போது கடையை உங்கள் மகன் பார்க்கிறார். அட்டவணை ஓடுகிறது. புதிதாகச் சேரும் கடைக்காரர், "இத்தன கட்டம் எதுக்குங்க, நம்பர் போதாதா?" என்று கேட்பார். நான் உங்களைப் போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதில் சொல்லப் பார்ப்பேன். எனக்குக் கண்ணாடி இல்லை, அதனால் அவ்வளவு எடுபடுவதில்லை. என்றாலும் சோதனையை ஓட்டும் பொத்தானைத் தொடுவதற்கு முன் எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் என் விரல் நகர்வதில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டியது அது.

நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது, நானா. அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். மெஷின் உங்கள் கடையுடையது. சார்ஜர் அசல், இந்த வீட்டுக் கரண்டில் செருகியே பார்த்தேன். பெட்டரி நல்லது. வெளியில் மழைத் தூறல். மேட்டு வீட்டு அக்கா, நாளைக்குக் குக்கர் போடமாட்டேன் என்று தானாகவே வந்து சொன்னார், போடுங்கள் என்றேன். பிள்ளை ரொட்டி தின்றாள், சம்பல் காரம் என்று அம்மாவோடு சண்டை போட்டாள். பயமா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அப்பன் வீட்டுக்குள் இருக்கமாட்டான், ஸ்டேஷன் பக்கம் போய் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் மழையில் ஏறி வர நானா இல்லை.

இவ்வளவுதான் விவரம். எண் இன்னும் வரவில்லை.