அனார்கான் பார்க்கும் பெட்டி

பிஷ்கெக்,
ஏப்ரல் மாதக் கடைசி.

அன்புத் தம்பி உர்மத்துக்கு,

சுகமாக இருக்கிறாயா? நீ என் போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினாலும் பார்ப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி, வார்சாவுக்கு வேலைக்கு வரும் உன் சித்தி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மாவை முந்தாநாள் சந்தையில் பார்த்தேன். முட்டிவலி தேவலையாம். "எம்புள்ள போன்ல சிரிக்கிறான் பெர்மெத், ஆனா அது அவன் சிரிப்பு இல்ல" என்றார். என் மகன் எல்தியார் இப்போது தன் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். மருந்துக் கடையில் எனக்கு வேலை அதிகம்.

நம் இணைய மன்றம் நன்றாக இல்லை. குப்பைச் செய்திகளைத் தடுக்க நீ எழுதி வைத்த வடிகட்டி நிரலை ஏமாற்ற, குப்பை விளம்பரம் போடுகிறவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சர்க்கரை நோய்ப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில், காலையில் திறந்தால் சூதாட்டமும் வட்டிக் கடனும்தான் நிற்கின்றன. நடுவில், இன்சுலினையே நிறுத்திவிடலாம் என்று சொல்லும் அந்த வேர்ப்பொடி விளம்பரமும் திரும்ப வந்துவிட்டது. அதை நம்பி ஊசியை நிறுத்திய தலாஸ் ஊர்க் குடும்பத்தின் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைக் கேட்டுத்தானே நீ இந்த வேலைக்கே வந்தாய்? உன் வீட்டில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை. அலுவலகம் முடிந்து வந்து, ஒரு சோம் காசு வாங்காமல், கண் சிவக்க உட்கார்ந்து எழுதினாய். நாங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனோம்.

நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வார்சாவுக்குப் போகக் காரணமான, ஜனவரியில் நடந்ததை நீ உனக்குள் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பாய். நடந்தபடி நான் எழுதுகிறேன். அத்-பாஷிக்கு மேலே அந்த மலைக் கிராமத்தில் மின்சாரம் போய், அனார்கான் வீட்டில் மகளுக்காக இருந்த இன்சுலின் குளிரில் உறைந்து கெட்டுவிட்டது. ஊர் மருத்துவ நிலையத்தில் இருப்பு இல்லை. நகரத்துக்குப் போகும் பாதையைப் பனி மூடியிருந்தது. யாரோ சொல்ல, அவர் முதன்முறையாக நம் மன்றத்தில் சேர்ந்து, போன் எண்ணோடு, அவசரம் அவசரம் என்று ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டார். புது ஆள், போன் எண், ஒரே செய்தி பலமுறை. வடிகட்டி அதைக் குப்பை என்று எடுத்து ஒதுக்கிவிட்டது. பக்கத்து ஊரிலேயே நம் உறுப்பினர் ஒருவரிடம் இன்சுலின் இருந்தது. குதிரையில் கொண்டுபோயிருக்கலாம். ஒதுக்கியவற்றை நாம் திறந்து பார்த்தபோது அனார்கானின் மகள் அய்பீகே உயிரோடு இல்லை.

வடிகட்டி ஒதுக்குவதெல்லாம் போய்ச் சேரும் அந்தப் பெட்டியைத் தினமும் ஒரு ஆள் பார்த்தே ஆகவேண்டும் என்று நீ இலையுதிர் காலத்திலேயே எங்களிடம் கேட்டிருந்தாய். எங்களில் ஒருவரும் முன்வரவில்லை. இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

போன மாதம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடினோம். வடிகட்டியைக் கவனிக்கும் வேலைக்கு இனிமேல் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவேண்டும் என்றேன். பள்ளி ஆசிரியர் கெங்கெஷ் எழுந்து, "காசு குடுத்தாத்தான் நம்ம புள்ளைங்க மேல அக்கறை வருமா?" என்றார். டாக்ஸி ஓட்டும் சமாத் அண்ணன் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அப்போ நாளைலேருந்து நான் டேங்க்ல பெட்ரோலுக்குப் பதிலா அக்கறைய ஊத்தி ஓட்டுறேன் வாத்தியாரே, நீங்க முன்சீட்டுல உக்காருங்க" என்றார். கெங்கெஷே சிரித்துவிட்டார். ஒரு மருந்து வியாபாரி முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய விளம்பரத்தை மட்டும் வடிகட்டி தொடக்கூடாதாம். வேண்டாம் என்றோம். மாதாமாதம் நாங்களே போடுகிறோம். உன் பழைய அலுவலகச் சம்பளத்தில் பாதி வரும், அதற்கு மேல் வராது.

பேச்சு முடியும் நேரத்தில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் கதவருகே வந்து நின்றார். யாரென்று தெரிந்ததும் சமாத் அண்ணன் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், கேட்டுக்கொள்வோம் என்று எழுந்து நின்றேன். அனார்கான் உட்காரவில்லை. "அந்தப் பெட்டிய இப்போ யாரு பாக்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். யாருமில்லை என்று நான்தான் சொன்னேன். "அப்போ நான் பாக்குறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். பொழுது விடிஞ்சா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பார்க்கிறார். அத்தனை அசிங்கத்தையும், அத்தனை பொய்யையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். பாத்கேனிலிருந்து ஒரு தகப்பன் எழுதிய செய்தி போன வாரம் அதில் கிடந்தது. அதுவும் புது ஆள், அதுவும் போன் எண். அனார்கான் அவரை அழைத்துப் பேசிவிட்டு எனக்குச் சொன்னார். மாலைக்குள் மருந்து போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். செய்தி வந்ததும் அனார்கானைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். நெடுநேரம் அழும் சத்தம்தான் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்தத் தம்பி அங்க ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்றார். உன்மேல் கோபமில்லையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரே சொன்னார்: "ராத்திரி பகலா எம்புள்ள மாதிரி புள்ளைங்களுக்காகத்தான உக்காந்தாரு. எனக்குக் கோவம் இருக்கு அக்கா. ஆனா அது அவரு மேல இல்ல. முதல் தடவையா எழுதுறவங்கள மெஷின் தள்ளக்கூடாது, நேரா என்கிட்ட அனுப்பணும். அத மாத்தத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான்."

வடிகட்டியைக் கணினி தெரிந்த வேறு இரண்டு பேரிடம் காட்டினேன். நீ எழுதியதைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்காகும் என்கிறார்கள். குப்பையோ காத்திருப்பதில்லை. தினமும் கூடுகிறது, அனார்கானின் கண்கள்தான் களைக்கின்றன.

பிஷ்கெக்குக்கு வா என்று கூப்பிடவில்லை. அங்கிருந்தபடியே செய்யலாம். முடியாது என்றாலும் உன்மேல் என் அன்பு குறையாது. ஆனால் அனார்கானுக்கு ஒரு வரி எழுது, தம்பி. மன்னிப்பு எதுவும் வேண்டாம். சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுது. அவருடைய எண்ணை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் குறித்திருக்கிறேன்.

நீ தூங்கும் தூக்கம் நல்ல தூக்கமாக இருக்கட்டும். உன் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் அக்கா,
பெர்மெத்