ஸ்லொட் மெசினுக்கு வைத்த பொட்டு

பீல், சுவிஸ்,
நவம்பர் 6

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

நானும் மகள் மதுஜாவும் நல்ல சுகம். உங்கள் அண்ணையின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கிருந்து யாழ்ப்பாணம் வரும் ஜதுஷனிடம் அண்ணைக்குச் சொக்லேட்டும் உங்களுக்கு இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியில் குறுக்கே விழுந்து கத்துவீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு ஆறுதலாகக் கத்துங்கள்.

சனிக்கிழமை சோலோதுர்னில் இருந்து ஹெர் எப்பர்லி காசு போட்டால் பழப்படச் சில்லுகள் சுற்றும் உங்கள் பழைய சூதாட்ட ஸ்லொட் மெசினைப் பார்க்க வந்தார். பழைய மெசின் சேர்ப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் வடையும் சுட்டு வைத்தேன். இவர் ஒருவர் நல்லதென்று சொன்னால் மற்றவர்களும் உங்களை நம்பி வாங்குவார்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது எனக்கு மறக்குமா? மனிதர் கீழே நிலத்தடிக் கெல்லர் அறையில் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்து, டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தார். பெண் பார்க்க வந்த உங்கள் வீட்டார்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

மெசினின் பின்கதவைத் திறந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்பலகையில் மங்கிய சிவப்பு வட்டம் ஒன்று. தொழிற்சாலையில் கடைசியாகச் சோதித்தவர் போட்ட அடையாளமாக இருக்க வேண்டும், இப்படி ஒன்றைத் தான் இதுவரை கண்டதே இல்லை என்றார். விளம்பரத்தில் நீங்கள் போட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொல்லி, படம் எடுக்கவும் தொடங்கிவிட்டார்.

இஞ்சாருங்கோ, அது நான் வைத்த பொட்டு.

நீங்கள் மெசினை வாங்கிய வருடம் சரஸ்வதி பூசையன்று, உங்கள் கருவிப் பெட்டிக்கும் என் தையல் மெசினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு அதற்கும் வைத்தேன். வெளியே வைத்தால் ஏசுவீர்கள் என்று உள்ளே வைத்தேன். மரம் அதைக் குடித்துவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. வடையைச் சூடாக்குகிற சாட்டில் மேலே வந்து அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆசைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு இறங்கிப்போய், எனக்குத் தெரிந்த டொச் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. மதுஜாவின் சைக்கிளையும், மேல்வீட்டாரோடு நாங்கள் பங்குபோடும் உடுப்புத் தோய்க்கும் மெசினையும் காட்டினேன். எல்லாவற்றிலும் பொட்டைக் கண்டதும் மனிதர் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டாள். எடுத்த படங்களை அழித்துவிட்டு மூன்று வடை சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இதைவிட வேறு ஏதாவது மாற்றியது, புதிதாகப் போட்டது இருக்கிறதா என்று.

நடுச் சில்லில் ஒட்டியிருக்கும் பழப்படத் தாள் போன மாரியில் அச்சடித்தது. "பழசோட பொருந்த வேணும், கொஞ்சம் சாயம் ஏத்தித் தாருமன்" என்று நீங்கள் கேட்க, தேத்தண்ணியில் ஊறப்போட்டுக் கொடுத்ததும் நான்தான். கிழிந்ததைத் திருத்துகிறீர்கள் என்று நினைத்தேன். விளம்பரத்தில் "எல்லாம் அசல்" என்று எழுதியிருப்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். எனக்குச் சரியான கோபம். துருப்பிடித்துக் கிடந்ததை எழுப்பி ஓடவைத்த கெட்டிக்காரர் நீங்கள். உங்களுக்கு ஏன் இந்தக் கள்ளம்?

அவரிடம் அதை நான் சொல்லவில்லை. என் கணவர் வந்து தானே சொல்லுவார் என்றேன். அவர் விலையைப் பற்றி ஒன்றும் கதைக்காமல், நீங்கள் வந்த பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்.

போகும்போது, மாற்றியவற்றை எழுதச் சொல்லி ஒரு தாள் தந்தார். இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பொட்டை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கீழே நிறைய இடம் இருக்கிறது. மெசின் விலைப்படாமல் கெல்லரிலேயே கிடந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அம்மாள் துணையோடு சுகமாக வந்து சேருங்கோ. வரும்போது அந்தத் தாளை நிரப்பிக்கொண்டு வாருங்கோ.

உங்கள்,
உஷாராணி