உன் குரலுக்கு மட்டும் வேலை இருந்தது

இன்று காலை எங்கள் தெருவில் நீ கொசுவலை விற்றுக்கொண்டு போனாய். ஆட்டோவின் மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அதே குரல். ‘தாய்மார்களே’ என்பதில் அதே இழுப்பு. நீ இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அந்த விளம்பரத்தைத் தயாரித்தவன் நான்தான், ஆனாலும் சாத்திக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் யார் கடை திறந்தாலும், யார் செத்தாலும், என் ஒலிப்பதிவுக் கடைக்கு வருவார்கள். நீ மைக் முன்னால் உட்காருவாய். பிறகு கணினிக்கு உன் குரலைப் பழக்க நான் ஆசைப்பட்டேன். சில நாள் வாசித்துக் கொடுத்தால் போதும், தொண்டை கட்டினால் ஓய்வெடுக்கலாம் என்றேன். “அப்ப நான் தூங்குறப்பவும் ஏங் குரலு சம்பாதிக்கும்ங்கிற. நல்லதுதேன் மாப்ள. சோத்த யாரு திங்கிறது?” என்று கேட்டாய். நான் சிரித்தேன்.

நான் பத்திரிகை படிக்கிறவன் அல்லவா? இயந்திரம் சலிப்பான வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், மனிதன் மேலான வேலைக்குப் போவான் என்று உனக்கு விளக்கினேன். “மேலான வேலைன்னா எங்க, பழனி மலை மேலயா?” என்றாய். கணினியே உன் குரலில் பேசத் தொடங்கி, உன் வேலை நின்ற பிறகும் தினம் வந்தாய். டீயைக் குடித்துவிட்டு, “இன்னைக்கு நான் என்ன விக்கிறேன்?” என்று கேட்பாய். கடைசியில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்தி விசில் ஊதப் போனாய். உன் தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியில், வாடிக்கையாளர்களை வருக வருக என்று நீயே அழைத்துக்கொண்டிருந்தாய்.

அங்கேதான் விழுந்தாய். உன் மகன் போனில் சொன்னான். சாணார்பட்டிப் பக்கம் உன் சொந்த ஊருக்கும் ஆட்டோ போகவேண்டும் என்றான். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன உன் தங்கையின் போன் எண் அவர்களிடம் இல்லை, அறிவிப்பைக் கேட்டால் வந்துவிடுவாள் என்றான். அழுதுகொண்டே உன் பெயரையும் எடுக்கும் நேரத்தையும் கணினியில் தட்டினேன். குரல் என்ற இடத்தில் எப்போதும் நீதான் இருப்பாய். அன்றும் இருந்தாய். அழுத்தி அனுப்பிவிட்டு, மாலை வாங்கப் போனேன்.

உன் தங்கை வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தாள்.

“கடலைக் காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்தேன்ணே. பேரு காதுல விழுந்துச்சு, திக்குன்னுச்சு. அப்பறம் பாத்தா சொல்றதே எங்கண்ணன். அப்ப செத்தது வேற யாரோன்னு நெனச்சுட்டேன். எம்புட்டு நாளாச்சு அந்தக் குரலக் கேட்டு. செத்த நேரம் நின்னு கேட்டுட்டு, திரும்பக் குனிஞ்சுட்டேன்.”

நடந்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். பழைய பதிவு ஏதோ கலந்துவிட்டது என்றேன். “மிசினுன்னா அப்படித்தேண்ணே, விடுங்க” என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவள் சொன்ன ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து துக்கச் செய்திகளை நானே வாசிக்கிறேன். “அண்ணே, ஒங்க குரலக் கேட்டா செத்தவரே எந்திரிச்சு ஓடிருவாரு” என்கிறான் ஆட்டோக்காரன். விற்பனைக்கு மட்டும் இன்னும் நீதான். உன் குரலைக் கேட்டு வருகிறவர்களிடம் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வெட்கம் அவ்வளவு தூரம்தான் போகிறது.

ஆனால் இறந்தவர் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துகிறேன். எங்கோ காட்டில் குனிந்திருக்கும் ஒருத்தி நிமிர்ந்து, வரப்பேறி, ரோட்டோரம் வந்து சேர அவகாசம் வேண்டும். பிறகு பெயரை இன்னொரு முறை சொல்கிறேன்.