பழி மீன் குழம்பு மேல

சிறுசேரி ஆபீஸ் ஷட்டில் வேன் வர ஐந்து நிமிடமே இருந்தது. தூங்கும் கணவன் கலைவாணனோடு நேற்றிலிருந்து பேச்சில்லை. ஜெனிட்டா ஞாயிற்றுக்கிழமைக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

"மாமா, நாஸ்தாவுக்கு இட்லி கீது. நேத்து நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கை வேர்த்துது, வயித்தைக் கலக்குச்சு, எல்லாம் உன் மீன் கொழம்பாலதான்னு கத்துனியே! சனிக்கிழமை அதே கொழம்ப ஊத்தி மூணு தட்டு சோறு துன்ன, ஒண்ணும் ஆவலியே? போன ஞாயித்துக்கிழமை வெறும் தயிர்சோறு. அன்னிக்கும் இதே பேஜாரு. அப்ப எடுத்த ஈசிஜி நல்லாதான் கீதுன்னாங்க. இது வாயு இல்ல மாமா, திங்கக்கிழமை மீட்டிங் பயம். தூக்கம் வராததும், சும்மா எரிஞ்சு வுழறதும் அதாலதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மனநல டாக்டராண்ட டோக்கன் சொல்லிகீறேன். கேஸ மூடிட்டேன். எப்பவும் போல நாலு தபா போய்ப் பாக்காத."

தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் படியிறங்கியவள் மறுபடியும் பாதியில் நின்றாள். திரும்பி ஓடிவந்து சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. வெளியே ஹாரன் அலறியது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"நானே இப்ப மூணாவது தபா வந்து பாத்துட்டுப் போறேன். டோக்கன ரெண்டா மாத்திடு மாமா."