நாலாவது பிடி மண்

குதிங்கானே,
வியாழக்கிழமை

அன்புள்ள கொழுந்தன் ஷேக்னாவுக்கு அண்ணி நியூமா எழுதுவது.

உன்மேல் சாந்தி உண்டாகட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அம்மா நேற்றுத்தான் இரண்டு வாய் கம்பங்கூழ் குடித்தார். பிள்ளைகள் சுகம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், தெருவுக்கே கேட்கிறது. அதனால் நாளை பாரிஸுக்குக் கிளம்பும் சில்லா மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இன்றோடு பத்து நாள். உடல் இன்னும் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் கிடக்கிறது என்றாய். நீங்கள் தங்கியிருக்கும் விடுதியில் துண்டு விரித்தும் விமானச் செலவில் பாதி தேறவில்லை என்றாய். எப்படித் தேறும்? அங்கே செத்தவனை ஊர் மண்ணுக்குக் கொண்டுவர, முப்பது வருஷமாக நீங்கள் எல்லோரும் மாதாமாதம் காசு போட்டுவந்த மையத்துப் பெட்டியை வழித்தெடுத்துத்தானே இங்கே வெங்காயத்துக்குக் குளிர்க் கிடங்கு கட்டினோம்.

கட்டச் சொன்னது நான். அறுவடையன்று வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு, மழைக்காலத்தில் அதே வெங்காயத்தை மூன்று மடங்கு கொடுத்து வாங்குகிறோமே, செத்தவனுக்குச் சேர்க்கிற காசைப் பிழைக்கிறவனுக்குப் போடுங்கள் என்று நான்தான் அவருக்கு எழுதினேன். உங்கள் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்காதபோது அவர்தான் முதலில் கையைத் தூக்கினாராம். "எவன்டா இப்ப சாகப்போறான்? பாத்துக்கலாம் வாங்கடா" என்று சிரித்தாராம். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உன் அம்மா என் முகம் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிறார். "வெங்காயத்துக்குக் குளிர் ரூம் கட்டினாளே மகராசி, இப்ப எம்புள்ளையும் குளிர் ரூம்ல கெடக்கான்" என்கிறார். பெற்ற வயிறு.

இதற்குள் கயெஸ் நகரத்து வியாபாரி மூக்கு வியர்த்து வந்துவிட்டான். கிடங்கு வெங்காயம் மொத்தத்தையும் பாதி விலைக்கு அடுத்த வாரமே எடுத்துக்கொள்கிறானாம், கையில் ரொக்கமாம். விற்று உடலைக் கொண்டுவாருங்கள் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். புருஷனை இழந்து நான் இத்தா இருப்பதால் வெளியே போக முடியாது. வெங்காயத் தோட்டத்துப் பெண்கள் அறுபத்திரண்டு பேர் சார்பில் குந்தோ என் அறைக்கு வந்தாள். "வித்துரலாம்க்கா. அண்ணன் முன்னாடி வெங்காயம் என்ன பெரிய வெங்காயம்?" என்றாள். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லையாம். அவள் போன பிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை அழவில்லை.

அந்தப் பெண்களின் அடுத்த வருஷத்து விதைக்கும் தண்ணீருக்கும் உள்ள காசு அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது. இப்போது விற்றால் கிடங்கில் பல்லிதான் குடியிருக்கும். அங்கிருக்கிற நீங்களும் இனி இந்த ஊருக்கு ஒரு செங்கல் வாங்கித் தரமாட்டீர்கள். என் மகன் லாஜிக்குப் பதினேழு ஆகிறது. இங்கே ஒன்றுமில்லை என்றால் அவனும் உங்கள் வழியே வருவான், அவனுக்கும் ஒரு சாரம் இருக்கும்.

அதனால் மனைவி கையெழுத்து வேண்டும் என்று நீ அனுப்பிய காகிதத்தில் போட்டிருக்கிறேன். கொண்டுவருவதற்கு அல்ல. அங்கேயே நம் ஆட்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அடக்கம் செய்வதற்கு. பெரியவர்கள் சரக்கை ஏற்றுவதற்குள் முடித்துவிடு. உன் அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல். நீ பழியை ஏற்காதே. எனக்கு இனி இந்த வீட்டில் நல்ல பெயர் கிடையாது, உனக்காவது ஒரு அம்மா இருக்கட்டும்.

அவருடைய நீலச் சட்டையைத் துவைக்காமல் அனுப்பு.

அல்லாஹ் உன்னை உயரமான இடங்களிலிருந்து காப்பானாக. குழியில் இறக்கியதும் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவீர்கள். நீ மட்டும் நாலாவதாக ஒரு பிடி போடு, தம்பி. அது என்னுடையது. மெதுவாகப் போடு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த உடம்பு, வலிக்கும்.

உன் அண்ணி,
நியூமா