சட்டைப் பையில் குக்குலு

மார்ச் 4
என் முழங்கால் வலிக்கு மனைவியே மருந்து செய்துவிட்டாள். குக்குலு. மரத்தைக் கீறினால் வடிந்து காய்கிற பிசின். நாட்டு வைத்தியனான மைத்துனனிடம் வாங்கி, பட்டையும் தூசியும் பொறுக்கி, துணியில் முடிந்து பாலில் கொதிக்கவிட்டு, நெய் சேர்த்து இடித்து உருட்டியிருக்கிறாள். நேற்று முழுதும் நின்றபடியே வேலை.
"கண்ண மூடிட்டு முழுங்குங்க. மாடிப்படி தானா ஏறுவீங்க."
கசப்பு. முழுங்கினேன்.

மார்ச் 11
பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். வெகுநேரம் நிற்கவில்லை. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். இரண்டும் சேரலாமா? டாக்டரைக் கேட்டால் திட்டுவார். இவளிடம் சொன்னால் முகம் வாடிவிடும். நூலகத்தில் ஆயுள் முழுக்க 'அமைதி' என்று எழுதி ஒட்டியவன். அதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறேன்.

மார்ச் 12
உருண்டையை நாக்கடியில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் சட்டைப் பையில் போட்டேன். இந்த வயதில்!

மார்ச் 16
ரத்தம் நின்றுவிட்டது. உருண்டைகள் அதே சட்டைப் பையில் சேர்கின்றன, அதைத் துவைக்கவே போடவில்லை. குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.
"வலி எப்படி இருக்கு?"
"தேவலை."
பக்கத்து வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூசியது.

மார்ச் 19
மாட்டிக்கொண்டேன். சட்டை ஜன்னலோரம் வெயிலில் தொங்கியிருக்கிறது. உருண்டையெல்லாம் இளகி ஒரே கட்டியாகி, துணியைத் தாண்டி ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. துவைக்க எடுத்தவள் இழுத்தாள். வரவில்லை. முகர்ந்து பார்த்தாள்.
"துப்பிட்டீங்களா?"
நான் கம்பியில் ஒட்டியதை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.
"வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"
ஈறு... ரத்தம்... என்று உளறினேன். அவள் சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "ரத்தமா? எப்போ? வாயத் திறங்க பாக்கலாம்!"

மார்ச் 20
இருவரும் டாக்டரிடம் போனோம். திட்டவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தார். பயமில்லை, ஆனால் அந்த மருந்து எனக்குக் கூடாது என்றார்.
திட்டியது மைத்துனன்தான், போனில்.
"அத்தானுக்கா குடுத்தே? உன் முழங்காலுக்குன்னுதானேக்கா கேட்டே!"
அவளைப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"உங்களுக்குச் சரியாகட்டும், மிச்சத்த நான் சாப்பிட்டுக்கலாம்னு..."
அந்தக் காலோடா நாள் முழுக்க நின்று இடித்தாய்? எனக்கு ஏன் தெரியவில்லை? நான் கேட்டதே இல்லை.

மார்ச் 27
டாக்டர் அவளையும் பார்த்து, அவள் சாப்பிடலாம் என்றார். இப்போது நான் இடிக்கிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறாள்.
"இவ்ளோ பெருசாவா உருட்டுவாங்க? முழுங்கப்போறது நான்!"
முழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். "பாத்துக்குங்க. ஒளிக்கல."

மார்ச் 29
மத்தியானம் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "ஆமா" என்றாள்.