பூஜ்யத்தைவிடப் பெரியது என்று வெட்டிய கல்

என் செலின் அக்காவுக்கு,

உன் கல்லறைக் கல் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முன் நட்டுவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். நான்தான் தடுத்தேன். ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் பெயருக்குக் கீழே நீ நிரூபித்ததைப் பொறிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நம் இருவர் பெயரிலும் வந்த கட்டுரையை எடுத்து வந்து, "இதுல எதுடி அவளோடது?" என்று கேட்டாள். இரண்டாம் பகுதியில் இருந்த ஒற்றை வரியைக் காட்டினேன். தூரம் பூஜ்யத்தைவிடப் பெரியது.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஒரு வட்டத்தின் புள்ளிகளை அறுபடாமல், மடியாமல் வழுக்கி இடம் மாற்றலாம். அப்படிப்பட்ட இடமாற்றங்கள் எல்லாம் சேர்ந்தால் முடிவில்லாத பரிமாணங்கள் கொண்ட ஒரு வெளி. நகரும் வேகத்துக்குத் தக்கபடி செலவு வைத்து, அதில் மிகக் குறைந்த செலவில் போகும் பாதையை எழுதினால், அலைச் சமன்பாடு ஒன்று வந்து நிற்கிறது. அப்படி வருகிறவற்றில் சில, முழுதாகத் தீர்க்கக்கூடியவை. லாஸ்பேட்டை கல்லூரியில் ஸ்டாஃப் ரூம் பலகையில் நீ அதை முதலில் எழுதிக் காட்டினாயே. "அலை நேராத்தான்டி போவுது. இடம்தான் வளைஞ்சிருக்கு" என்றாய். எனக்குச் சிலிர்த்தது.

உன் வரி சொன்னது இதுதான்: ஓர் இடமாற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சாமர்த்தியமாகப் போனாலும் ஒரு குறைந்தபட்சச் செலவு உண்டு; அதுதான் அவற்றுக்கு இடையிலான தூரம்.

நீ போன சில மாதங்களில் வெளிநாட்டு ஆய்வு மாணவி ஒருத்தி மெயில் அனுப்பினாள். மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். ஒரு குறுகிய அலை, தான் சுமக்கும் புள்ளிகளைவிடத் துளி மட்டும் வேகமாக ஓடினால் என்ன ஆகும்? போட்டுப் பார்த்தேன். அலையை ஒடுக்க ஒடுக்கச் செலவு குறைந்துகொண்டே போகிறது. புள்ளிகளோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடுகின்றன. குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை. தூரம் பூஜ்யம்.

அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன், அக்கா. கணக்குக்காக நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்கு ஓடினேன். வரியை வெட்டி முடித்திருந்தார்கள். "அழிக்கணும்னா மேல்பக்கம் முழுசும் தேய்க்கணும்மா" என்றார் எழுத்து வெட்டுபவர். தேய்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா கத்தினாள். "செத்தவளோடது ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதையும் அழிக்கறியா? யாரு வந்து கல்லப் படிச்சிக் கணக்குப் போடப் போறா?" அதன் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

உன் வரியைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. வேகத்துக்கு மட்டுமல்லாமல் அதன் சாய்வுக்கும், அதாவது இடத்துக்கு இடம் அது எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதற்கும், சேர்த்துச் செலவு வைத்தால், அலை ஒடுங்க ஒடுங்கச் செலவு ஏறுகிறது. தூரம் பூஜ்யமாகாது. ஆனால் அங்கே பிறக்கும் அலைச் சமன்பாடு வேறு. சில அலைகள் அதில் உடைந்தும் போகின்றன.

இதை எழுதும்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில், மருந்து மயக்கத்தில், "சாய்வையும் சேத்துக்கணும்டி தெரேஸ்" என்றாய். கட்டிலைச் சொல்கிறாய் என்று நினைத்துத் தலைமாட்டை உயர்த்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூக்கமா? வலியா? இல்லை, உன் வரி நிற்காது என்று அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் தனியாகவா சுமந்துகொண்டு போனாய்?

கல்லறைத் திருநாளன்று சுற்றிலும் எல்லாக் கல்லறைகளும் கழுவிப் பூவும் மெழுகுவத்தியுமாக இருந்தன. உன்னுடையது மட்டும் மண்மேடும் மரச் சிலுவையும். காற்றில் அணைந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்றிக்கொண்டே அம்மா பேசினாள்.

"அவ செஞ்சது எல்லாமே தப்பாப் போச்சா?"

"இல்லம்மா. அந்த ஒரு வரிதான்."

"அவளுக்கே தெரிஞ்சிருந்தா மறைச்சிருப்பாளா?"

"மாட்டா."

"அப்ப நீயும் மறைக்காத. எழுதிப் போடு. ஆனா அவ பேர எடுத்துட்டு எழுதாத. தப்புலயும் அவ இருக்கட்டும்."

திருத்தத்தை நம் இரண்டு பெயரோடும் இதழுக்கு அனுப்பினேன். இறந்தவரின் சம்மதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நான் என்ன பதில் எழுதட்டும், அக்கா? கட்டிலில் நீ சொன்னதைச் சம்மதம் என்று எழுதலாமா? அது வெறும் கட்டிலைப் பற்றியதாகவே இருந்துவிட்டால்?

அது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எங்கேயும் எழுதமாட்டேன். சாய்வையும் சேர்த்தால் தூரம் பூஜ்யமாகாது என்ற நிரூபணத்தை மட்டும் கடைசி வரி வரைக்கும் முடிப்பேன். நீ இருந்தால் எங்கெல்லாம் குறுக்கே கேட்டிருப்பாயோ, அங்கெல்லாம் நின்று நின்றுதான் போவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தெரேஸ்